ஒரு வாளித் தண்ணீரின் தாய்ப்பத்திரம்

வணக்கம் நேயர்களே.

நிலம் வாங்கப் போகிறவர் மண் எப்படி, தண்ணீர் எப்படி என்றெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் ஒன்று கேட்பார்: தாய்ப்பத்திரம் இருக்கிறதா? யாரிடமிருந்து யாருக்கு வந்தது, நடுவில் எத்தனை கை மாறியது, வில்லங்கம் ஏதும் உண்டா? இது தெரியாமல் முன்பணம் கொடுக்க யாருக்கும் மனம் வராது. கடலிலிருந்து வரும் எண்களை மட்டும் பத்திரம் பார்க்காமலே வாங்கிவிடுகிறோம். ஒரு தாளில் 28.4 என்று எழுதியிருக்கிறது. செல்சியஸ் என்றே வைத்துக்கொள்வோம். எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு ஆழம், எந்தக் கருவி, அந்தக் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள்? இவை இல்லாவிட்டால் அந்த 28.4 ஒன்றுக்கும் உதவாது. கடல் ஆய்வுத் தரவுகளை எப்படிப் பராமரிப்பது, எப்படிப் பிறரோடு பகிர்ந்துகொள்வது என்பதுதான் இன்றைய பேச்சு. அதில் பெரும்பகுதி இந்தத் தாய்ப்பத்திரம் பற்றியே போகும். துறைக்காரர்கள் இதை மெட்டாடேட்டா என்பார்கள்.

ஒரு வாளியிலிருந்து தொடங்குவோம். 1853-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் 10 கடலோடி நாடுகள் கூடின. கூட்டியவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மத்தேயு மோரி. கப்பல்கள் காற்று, நீரோட்டம், வெப்பநிலை எல்லாவற்றையும் ஒரே மாதிரியான குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்று முடிவானது. நல்ல முடிவு. ஆனால் கடல்நீரின் வெப்பநிலையை அளப்பது எப்படி? கயிற்றில் வாளியைக் கட்டிக் கடலில் இறக்கி, மேலே இழுத்து, தெர்மாமீட்டரை முக்கிப் பார்ப்பது. மர வாளி இருந்தது, பிறகு கித்தான் வாளி வந்தது. கித்தான் என்றால் துணி, நேயர்களே. நீர் கசியும், காற்றுப் பட்டு ஆவியாகும். நம் வீட்டு மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? அதே சங்கதிதான் அங்கேயும் நடந்தது. வாளி மேல்தளத்துக்கு வந்து சேர்ந்து, மாலுமி தெர்மாமீட்டரைப் படித்து முடிப்பதற்குள் தண்ணீர் ஒரு டிகிரியில் பத்தில் சில பங்கு குளிர்ந்துவிடும். காற்று பலமாக அடித்தால் இன்னும் கூடுதலாக.

நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு இன்னொரு வழி பிறந்தது. எஞ்சினைக் குளிர்விக்கக் கடலிலிருந்து குழாய் வழியாக நீரை இழுக்கிறார்கள் அல்லவா, அந்தக் குழாயிலேயே தெர்மாமீட்டரைப் பொருத்திவிட்டார்கள். வேலை சுலபம். ஆனால் அது எஞ்சின் அறை. அங்கே இருக்கும் சூட்டில் நீர் சற்றுச் சூடேறியே எண்ணாகிறது. ஆக ஒரே கடல், ஒரே நாள், ஒரே இடம். வாளிக்காரர் எழுதியது குறைவு, குழாய்க்காரர் எழுதியது கூடுதல். இருவருமே நேர்மையாகத்தான் எழுதினார்கள். எதனால் அளந்தோம் என்பதைத்தான் பெரும்பாலும் எழுதவில்லை.

இதனால் என்ன வந்தது? உலகக் கடல்களின் வெப்பநிலை வரைகோட்டில் 1945 ஆகஸ்ட் வாக்கில் சட்டென்று ஏறக்குறைய 0.3 டிகிரி விழுந்த மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. போர் முடிந்ததற்கும் கடல் குளிர்ந்ததற்கும் என்ன தொடர்பு? 2008-இல் ஓர் ஆய்வுக் குழு விடையைக் கண்டுபிடித்தது. போர்க்காலத்தின் பின்பாதியில் வந்து சேர்ந்த அளவுகளில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்கக் கப்பல்களுடையவை. அவர்கள் பெரும்பாலும் குழாய்க்காரர்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்கள் பெருமளவில் திரும்பிவந்தன, அவர்கள் வாளிக்காரர்கள். கடல் குளிரவில்லை, அளக்கும் கை மாறியது. "வாளி" அல்லது "குழாய்" என்று ஒவ்வொரு பதிவிலும் ஒரே ஒரு சொல் இருந்திருந்தால் போதும், 60 ஆண்டு குழப்பம் மிச்சம்.

வாளியை விட்டுவிட்டுப் போகலாம் என்றால் இன்னொன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியக் கப்பல்களின் பழைய குறிப்புகள் கோபே தொகுப்பு என்ற பெயரில் பாதுகாக்கப்பட்டன. அவற்றில் ஒரு பகுதியை 1960-களில் அமெரிக்க விமானப்படை, எண்களைத் துளைகளாகக் குறிக்கும் துளை அட்டைகளில் ஏற்றியது. அப்போது பத்தில் ஒரு டிகிரி இடத்தை வெட்டிவிட்டார்கள். 28.0-உம் 28, 28.9-உம் 28. கணக்குப் போட்டுப் பாருங்கள், சராசரியாக 0.45 டிகிரி காணாமல் போகிறது. பிந்தைய 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை கடல்மேற்பரப்பு சூடேறியதே ஏறக்குறைய ஒரு டிகிரிதான். அதில் பாதியளவு ஒரு வெட்டில் போயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடமேற்குப் பசிபிக் விசித்திரமாகக் குளிர்ந்ததாகப் பதிவுகள் காட்டின. அருகருகே சென்ற கப்பல்களின் பதிவுகளை ஜோடி ஜோடியாக ஒப்பிட்ட 2019-ஆம் ஆண்டு ஆய்வில்தான் இந்த வெட்டு பிடிபட்டது. பதிவுகள் எந்த அட்டைக்கட்டு வழியாக வந்தவை என்ற எண் கூடவே பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான் அதுவும் முடிந்தது. அட்டைகள் போய்விட்டன, கணினி வந்துவிட்டது. ஆனால் உலகக் கப்பல் பதிவுகளின் பெருந்தொகுப்பில் இன்றும் அந்த எண்ணுக்குப் பெயர் "டெக்", அதாவது அட்டைக்கட்டு. அதுவும் தாய்ப்பத்திரம்தான் பாருங்கள்.

சரி, இன்று கப்பலில் போகிற ஒரு மாணவர் என்ன எழுத வேண்டும்? கருவியின் மாதிரிப் பெயர் மட்டும் போதாது, வரிசை எண் வேண்டும். ஏனென்றால் ஒரே மாதிரியில் இரண்டு கருவிகள் இருக்கும், ஒன்று பிசகும். கடைசி அளவுத்திருத்தத் தேதி, அந்தச் சான்றிதழின் நகல், எந்த ஆழத்தில் எத்தனை நொடி நிறுத்தினார்கள், எந்த மென்பொருள், அதன் எந்தப் பதிப்பு, இவை வேண்டும். இதைக் கரைக்கு வந்து எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் எழுதவே மாட்டார்கள். கருவி நீரிலிருந்து மேலே வந்து, ஈரம் காய்வதற்குள் எழுத வேண்டும்.

நேரத்துக்கு வருவோம். நம் கடிகாரம் யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே ஓடுகிறது. பகல் 2 மணிக்கு அளந்ததை நம் நேரத்திலேயே எழுதி, வாங்குகிறவர் அதை யு.டி.சி. என்று எடுத்துக்கொண்டால், அவருக்கு அது நம் ஊர் இரவு ஏழரை மணி. நண்பகல் வெயிலில் சூடேறிய மேற்பரப்பு நீர், இரவுக் கணக்கில் சேர்ந்துவிடும். ஓதக் கணக்கிலோ கேட்கவே வேண்டாம். நம் கிழக்குக் கரையில் ஏற்றத்திலிருந்து வற்றுவதற்கு ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம். ஐந்தரை மணி தள்ளிப்போனால் ஏற்றம் கிட்டத்தட்ட வற்றாகிவிடும். கடலில் வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆகவே எழுதுவது யு.டி.சி.யில், ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். 03/04/2005 என்று எழுதினால் இந்தியருக்கு ஏப்ரல், அமெரிக்கருக்கு மார்ச். 2005-04-03 என்றால் எல்லாருக்கும் ஒன்றே.

இடம் எழுதுவதிலும் இப்படி ஒரு பொறி. அட்சரேகை 10 டிகிரி 30 நிமிடம் என்பதை 10.30 என்று எழுதிவிடுகிறார்கள். 30 நிமிடம் என்றால் அரை டிகிரி, ஆக 10.50. அந்தச் சின்னப் புள்ளியில் போவது 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர். கரையோர ஆய்வு என்றால் கப்பல் ஊருக்குள் நிற்கும்! கணினிகள் முதலில் செய்யும் சோதனைகளில் ஒன்றே இதுதான்: இந்த இடம் நிலமா, கடலா?

அலகு. நம் மீனவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்த நீளம், சுமார் ஆறடி. யாருடைய கை என்று கேட்கத் தேவையில்லை, கடலில் அது போதும். ஆவணத்தில் போதாது. வெப்பநிலையும் உப்புத்தன்மையும் அளக்கக் கடலில் இறக்கும் சி.டி.டி. கருவி ஆழத்தை அளப்பதில்லை, அழுத்தத்தை அளக்கிறது. 1000 டெசிபார் என்பது 1000 மீட்டரைவிட ஏழெட்டு மீட்டர் குறைவு. இரண்டையும் ஒன்றென்று எழுதக்கூடாது. கரைந்த ஆக்சிஜனை ஒருவர் மில்லிலிட்டரில் தருவார், இன்னொருவர் மில்லிகிராமில் தருவார். ஒரு மில்லிலிட்டர் என்பது 1.43 மில்லிகிராம். அலகு எழுதாத பட்டியலில் உயிருள்ள கடல் செத்த கடலாகத் தெரியும். உப்புத்தன்மைக்கு ஒரு தனி ஒழுங்கு உண்டு. 2010-இல் புதிய கணக்குமுறை வந்துவிட்டது, ஆனாலும் களஞ்சியத்தில் வைக்க வேண்டியது பழைய நடைமுறை உப்புத்தன்மையைத்தான். கருவியிலிருந்து நேராக வருவது அது. புதியதை அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கணக்கிட்டுக்கொள்ளலாம். இரண்டும் கலந்துவிட்டால் பிரிப்பது கடினம்.

அடுத்து, தவறான எண்ணை என்ன செய்வது? பத்திரத்தில் பிழை வந்தால் சுரண்டி அழிக்கமாட்டார்கள். பழையது தெரியும்படி அடித்து, மேலே எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்கள். தரவிலும் அதே ஒழுங்கு. ஆர்கோ மிதவைகளைப் பாருங்கள். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4000 மிதவைகள். 1000 மீட்டர் ஆழத்தில் மிதந்துகொண்டு, பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டருக்கு இறங்கி, அளந்துகொண்டே மேலே வந்து, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். இந்திய மிதவைகளின் தரவு ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்துக்கு வருகிறது. ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் ஒரு குறி எண் நிற்கும்: 1 நல்லது, 2 அநேகமாக நல்லது, 3 சந்தேகம், திருத்தினால் தேறலாம், 4 கெட்டது, 9 அளவே இல்லை. கருவி சொன்னது ஒரு பத்தி, திருத்தியது இன்னொரு பத்தி, திருத்தத்தின் பிழை அளவு மூன்றாவது பத்தி. எதையும் அழிப்பதில்லை.

அழிக்காததன் பலன் 2007-இல் தெரிந்தது. கடலின் மேலடுக்கு இரண்டே ஆண்டில் குளிர்ந்துவிட்டது என்று 2006-இல் ஒரு கட்டுரை வந்திருந்தது. தேடிப் பார்த்தால், ஒரு வகை மிதவைகளில் வெப்பநிலை தவறான அழுத்தத்தோடு ஜோடி சேர்ந்திருந்தது. இன்னொரு பக்கம், கப்பலிலிருந்து வீசும் பழைய எக்ஸ்.பி.டி. கருவிகள் சற்றுச் சூடாகக் காட்டின. அவை ஆழத்தை அளப்பதில்லை, விழுந்த நொடிகளை வைத்து ஊகிக்கின்றன. இரண்டையும் சரிசெய்ததும் குளிர்ச்சி மறைந்தது. கட்டுரையை எழுதியவர்களே திருத்தமும் வெளியிட்டார்கள். மிதவைக்கு மிதவை தனி எண்ணும் வகைப்பெயரும் இருந்ததால் தவறானவற்றை மட்டும் பொறுக்கி எடுக்க முடிந்தது.

அழிக்காதீர்கள் என்பதற்கு நம் பக்கத்திலேயே இன்னொரு காரணம் உண்டு. வங்காள விரிகுடாவின் வடக்கே மழைக்காலத்துக்குப் பிறகு ஆற்று நீர் மேலே மூடிக்கொள்ளும். குளிர்காலத்தில் அந்த மேல்நீர் குளிர்ந்து, அடியில் இருக்கும் உப்புநீர் அதைவிடச் சூடாக இருக்கும். மேலே குளிர், கீழே சூடு. வேறு கடலைப் பார்த்து எழுதிய கணினிச் சோதனை இதைத் தவறு என்று சொல்லலாம். குறி மட்டும் போட்டிருந்தால் நாளைக்கு ஒருவர் பார்த்து மீட்பார். அழித்துவிட்டால் அந்த நிகழ்வே நடக்கவில்லை என்றாகிவிடும்.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து விரல் காட்டுகிறார்கள். வாளியிலேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. மீதியை ஓட்டமாகச் சொல்கிறேன். அளவு இல்லாத இடத்தில் பூஜ்யம் போடாதீர்கள். கடலில் பூஜ்யம் டிகிரியும் உண்மையான வெப்பநிலைதான். காலியிடத்துக்கு -9999 போன்ற நடக்கவே முடியாத எண்ணைப் போட்டு, அதைக் குறிப்பிலும் எழுதுங்கள். எக்செல்லில் திறந்தால் நிலைய எண் 007 வெறும் 7 ஆகும், 3-4 என்ற நிலையம் தேதியாகும். அந்தப் பத்தியை முதலிலேயே எழுத்து வகையாக மாற்றிக்கொள்ளுங்கள். மீன், பாசி, நண்டு எதுவானாலும் உள்ளூர்ப் பெயரோடு அறிவியல் பெயரும், வோர்ம்ஸ் என்ற உலகக் கடல்வாழ் உயிரினப் பதிவேட்டின் எண்ணும் சேருங்கள்; அறிவியல் பெயரும் மாறும், எண் பழைய பெயரிலிருந்து புதியதற்குக் கூட்டிப்போகும்.

பிரதி மூன்று வேண்டும், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். கப்பலை விட்டு இறங்கும்போது ஒன்று தலைமை விஞ்ஞானியிடம், ஒன்று கப்பலில். பகிர்வதற்கு என்று ஐ.ஓ.டி.இ. அமைப்பு 1961 முதல் யுனெஸ்கோவின் கீழ் இயங்குகிறது. நல்ல செய்முறைகளைச் சேர்த்துவைக்கும் களஞ்சியமும் அவர்களிடம் உண்டு. உங்கள் ஆய்வகத்தில் நீங்கள் எழுதிவைத்திருக்கும் செய்முறைக் கையேட்டையும் அங்கே அனுப்பலாம். பழைய கப்பல் குறிப்பேடு கையில் இருப்பவர்கள் தட்டச்சு செய்வதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள், அட்டை, ஓரக்குறிப்பு, காப்பிக் கறை எல்லாம் தெரியும்படி. வாளியா, குழாயா என்பது அந்த ஓரத்தில்தான் எங்காவது கிறுக்கியிருக்கும்.

நேரம் முடிந்தது. வணக்கம்.