தரிசு என்று எழுதிவிட்டார்கள்

அனைவருக்கும் வணக்கம். முதலில் இந்தப் பொட்டலத்தைப் பிரித்து முன்வரிசையில் கொடுக்கிறேன். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு பின்னால் அனுப்புங்கள். கறுத்துச் சுருண்டு, காய்ந்த முருங்கைப் பிஞ்சு போல இருக்கிறதே, இதன் பெயர் சாங்கிரி. ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் விளையும் கேஜ்ரி மரத்தின் பிஞ்சுக் காய்களை அவித்து உலர்த்திய வற்றல். நமக்குச் சுண்டை வற்றல் எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி.

கேஜ்ரி என்றதும் ஏதோ அந்நிய மரம் என்று நினைத்துவிடாதீர்கள். விருத்தாசலத்தில் தல விருட்சமாக நிற்கும் நம் வன்னிதான் அது. இங்கே சுற்றி வந்து கும்பிடுகிறோம். அங்கே அதை வைத்துத்தான் அடுப்பு எரிகிறது, ஆடு மேய்கிறது. கோடையில் ஜெய்சல்மேர் பக்கம் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். மழை வருவதற்கு இன்னும் நாள் இருக்கும். அந்த நேரம் பார்த்து வன்னி கொழுந்து விடும்! வேர் அவ்வளவு ஆழத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதன் அடியில் விதைத்த கம்பு வெட்டவெளிக் கம்பைவிடச் செழிப்பாக வளரும் என்பதால், உழவர்கள் வயல் நடுவில் நிற்கும் மரத்தை வெட்டாமல் சுற்றி உழுகிறார்கள். 1730-ல் கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு, மரத்தையும் விலங்கையும் காப்பதைச் சமய நெறியாகக் கொண்ட பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிரைக் கொடுத்த வரலாறு உங்களில் பலருக்குத் தெரியும், விரிக்கவில்லை.

மணலுக்குள்ளும் குடித்தனம் உண்டு. சாண்டா என்று ஒரு முள்வால் பல்லி. இலைதழை தின்று வாலில் கொழுப்புச் சேர்த்துக்கொள்ளும். குளிர்காலம் வந்தால் வளையின் வாயை மண்ணால் அடைத்துவிட்டு உள்ளே உறங்கும். வால்தான் அதன் களஞ்சியம். அந்தக் கொழுப்பை உருக்கித் தைலம் விற்க ஆள் இருப்பதுதான் அதற்குப் பிடித்த சனி.

கானமயிலின் கதை இன்னும் மோசம். ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் புல்வெளிகளிலும் திரிந்த பறவை. ஆண் 15 கிலோ வரை எடை இருக்கும். கூடு கட்டாது, வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. இன்று மிஞ்சியிருப்பவை ஏறத்தாழ 150. அவற்றில் பெரும்பாலானவை தாரில். அதன் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே இருக்கும் மின்கம்பி சரியாகத் தெரிவதில்லை. தெரிந்தாலும் அந்தக் கனத்த உடலைச் சட்டென்று திருப்ப முடியாது. கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்கும்படி 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-ல் அதைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விட்டது.

தாரில் பெருகிவரும் சூரிய மின் பூங்காக்களின் மின்சாரத்தைக் கொண்டுபோகவும் இப்படிக் கம்பிகள் வேண்டியிருக்கின்றன. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டு மாடியிலும் பலகை இருக்கிறது. ஆனால் கம்பும் ஆடும் கானமயிலும் இருக்கும் நிலத்தைக் கோப்பில் 'தரிசு' என்று எழுதிவிட்டுத்தானே வேலையைத் தொடங்குகிறோம்? மின் பூங்காக்களுக்காக வன்னியை வெட்டாதீர்கள் என்று பிகானேர் பக்கத்து மக்கள் வீதிக்கு வந்தார்கள். பாலைவனத்தைப் பசுமையாக்குகிறோம் என்று முன்பு கொண்டுவந்தது எதை? வன்னிக்கு ஒன்றுவிட்ட உறவான சீமைக்கருவேலத்தை. அந்த விருந்தாளியைப் பற்றி ராமநாதபுரத்துக்காரர்களிடம் நான் விளக்க வேண்டியதில்லை.

பொட்டலம் கடைசி வரிசைக்குப் போயிருக்கும். மிச்சம் இருந்தால் மேடைக்கு அனுப்பிவிடுங்கள், இன்றிரவு ஊறப்போட வேண்டும்.