ஏரியில் இருக்கும் பறவைகளை எண்ணுவது எப்படி?

[காட்சி: விடியற்காலை. ஏரியின் நடுவில் கரும்புள்ளிகளாக ஒரு வாத்துக் கூட்டம்.]

இந்தக் கூட்டத்தில் எத்தனை வாத்து இருக்கும்? பார்த்ததுமே மனசில் ஓர் எண் வந்திருக்குமே, அது பெரும்பாலும் குறைச்சலாகத்தான் இருக்கும். கூட்டம் பெருகப் பெருக, கண் குறைத்தே மதிப்பிடும். பழகியவர்களுக்கும் இந்தப் பிழை உண்டு.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. வலசை வந்த பறவைகள் அந்த மாதத்தில் அதிகம் அலையாமல் ஓரளவு நிலைத்திருக்கும்.

[காட்சி: ஏரியின் வரைபடம். கரை, மதகு, உபரிநீர் வழியும் கலங்கல்.]

முதலில் நிற்கும் இடம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் நிலம் கிழக்கே சரிவதால், நீரைத் தடுக்கக் கட்டிய ஏரிக்கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான் இருக்கும். காலையில் அதன்மேல் நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால் விழும். நிறங்கள் தெளிவாகத் தெரியும். சாயங்காலம் அதே இடத்தில் நீலச்சிறகி வாத்தும் ஊசிவால் வாத்தும் ஒரே கறுப்பு நிழல்தான். கரை உச்சியில் வானத்தை முதுகில் வைத்து நிமிர்ந்து நிற்காதீர்கள், பறவை மிரளும். ஒரு பனைமரத்தை ஒட்டி நில்லுங்கள்.

8 மடங்கு பெருக்கும் பைனாகுலர் கையில், 20 முதல் 60 மடங்கு வரை போகும் ஸ்கோப் எனும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி முக்காலியில். ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். பார்ப்பவரே எழுதினால், குனிந்து நிமிர்வதற்குள் விட்ட இடம் மறந்துபோகும்.

[காட்சி: ஸ்கோப் வழியாக நீலச்சிறகிக் கூட்டம். 20 பறவைகளைச் சுற்றி ஒரு வட்டம்.]

இனி எண்ணும் முறை. ஓரத்திலிருந்து தொடங்காதீர்கள்; ஓரத்தில் பறவைகள் இடைவெளி விட்டு மிதக்கும், நடுவில் நெருக்கியடிக்கும். நெருக்கம் நடுத்தரமாக உள்ள இடத்தில் 20 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்த 20 எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்று கண்ணில் பதிய வைத்து, அதே அளவைக் கூட்டம் முழுக்க நகர்த்திக்கொண்டே போங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் கிளிக்கர் எனும் எண்ணும் கைக்கருவியில் ஓர் அழுத்தம். 34 அழுத்தம் என்றால் 680. மூன்று முறை எண்ணிச் சராசரி எடுங்கள். கையோடு ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கணினித் திரையில் ஒவ்வொரு பறவைமேலும் புள்ளி வைத்து எண்ணினால், உங்கள் கண் எவ்வளவு குறைக்கிறது என்பது பிடிபட்டுவிடும். இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

பாதி எண்ணிக்கொண்டிருக்கும்போது சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வரும். மொத்தக் கூட்டமும் எழும்பிக் கலையும். எண்ணியவரை போதும் என்று அங்கிருந்து தொடர்ந்தால் இரட்டைக் கணக்குதான். அடங்கும்வரை காத்திருந்து, அந்த இனத்தை மட்டும் முதலிலிருந்து எண்ணுங்கள். இனம் தெரியாத வாத்தை 'இனம் தெரியாத வாத்து' என்றே எழுதுங்கள், ஊகம் வேண்டாம். பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்டு செயலியில் எண்ணுக்குப் பதிலாக எக்ஸ் போட்டால், பறவை இருந்தது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

[காட்சி: ஒரே ஏரி, இரண்டு ஆண்டுகள். ஒன்றில் நீர் தளும்புகிறது. மற்றதில் சேறு தெரிகிறது.]

பலர் சறுக்குவது இங்கேதான். போன ஆண்டு பவளக்காலிகள் நூற்றுக்கணக்கில், இந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை. உடனே 'பறவைகள் அழிகின்றன' என்று செய்தி போட்டுவிடுகிறார்கள். நீர்மட்டத்தைப் பாருங்கள். உப்புக்கொத்திக்கு ஈரச்சேறு வேண்டும். உள்ளானுக்குக் கணுக்கால் நனையும் நீர். பவளக்காலிக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் போனாலும் பரவாயில்லை. தலைகுப்புறக் கவிழ்ந்து மேயும் ஊசிவால் வாத்துக்குக் கழுத்து அடிச்சேற்றை எட்ட வேண்டும். மூழ்கி இரை தேடும் முக்குளிப்பானுக்கு ஆழம் ஒரு பொருட்டல்ல. வடகிழக்குப் பருவமழை கொட்டி, கலங்கல் வழிந்த ஆண்டில் உள்ளான் நிற்க இடமேது? சுற்றுப்புறத்தில் நிரம்பிக் கிடக்கும் வயலுக்கும் குட்டைக்கும் கலைந்து போயிருக்கும். ஒரே நாளில் பல ஏரிகளில் சேர்ந்து எண்ணுவது இதற்காகத்தான்.

ஏரியைத் தூர்வாரும்போதும் இதே சிக்கல். கரையோரச் சரிவை வெட்டி, தொட்டிபோல் ஒரே ஆழமாக்கினால் கொள்ளளவு கூடும்; முக்குளிப்பானும் நீர்க்காகமும் தங்கும். கால் ஊன்றி மேயும் பறவைகளில் பெரும்பாலானவை திரும்பாது. ஆழப்படுத்துவது தவறில்லை, கட்டிய கரைக்கு எதிரே, மேற்குப் பக்க மெல்லிய சரிவைத் தொடாமல் விட்டால் போதும்.

20,000 நீர்ப்பறவைகள் தொடர்ந்து தங்கினால் அந்த ஈரநிலம், ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தமான ராம்சாரின் தகுதிகளில் ஒன்றை எட்டுகிறது. 'தொடர்ந்து' என்பதை ஓர் ஆண்டுக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் படிவத்தில் பறவை எண்ணோடு இவையும் இருக்கட்டும்: தொடங்கிய நேரம், முடித்த நேரம், நின்ற இடம், மதகுப் பக்கத்து அளவுகோல் காட்டும் நீர்மட்டம், வெளியே தெரியும் சேறு தோராயமாக எத்தனை பங்கு. அடுத்த ஜனவரியில் அதே பனைமரத்தடியில், அதே நேரத்தில் நில்லுங்கள்.