டயர் கழன்றிருக்கும்போதே பேசிவிட வேண்டிய விஷயம்

நேயர்களுக்கு வணக்கம்.

காருக்குப் புதிதாக அலாய் வீல் வாங்குகிறவர்கள் அளவு பார்க்கிறார்கள், நிறம் பார்க்கிறார்கள், போல்ட் துளை பொருந்துமா, பிரேக்கில் இடிக்குமா என்று கேட்கிறார்கள். டயருக்குள் இருக்கும் காற்றழுத்த சென்சாரின் நினைவு மட்டும், எல்லா வேலையும் முடிந்து டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்த பிறகுதான் வருகிறது. அதற்குள் டயரை ரிம்மில் ஏற்றி, காற்றடித்து, பேலன்சிங்கும் முடித்திருப்பார்கள். சென்சாரைத் தொட வேண்டுமென்றால் அத்தனையையும் மறுபடி கழற்ற வேண்டும். பல வருடங்களாக வீல் மாட்டும் வேலையில் இருக்கிறேன். இந்த ஒரு விஷயத்துக்காக இரண்டாவது முறை வந்து நின்றவர்கள் ஏராளம்.

முதலில், உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். சில கார்களில் வீலுக்குள் சென்சாரே கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காக இருக்கிற வேக சென்சாரை வைத்தே கார் கணக்குப் போட்டுவிடும். காற்று இறங்கிய டயரின் சுற்றளவு லேசாகக் குறையும், அந்தச் சக்கரம் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுழலும், விளக்கு எரியும். இந்த வகையில் சிரமம் இல்லை. டயர் சூடேறாத நேரத்தில் நான்கிலும் சரியான காற்றை அடித்து, அப்புறம் ரீசெட் செய்தால் போதும். வரிசையை மாற்றிவிடாதீர்கள். காற்றைச் சரிபார்க்காமல் ரீசெட் செய்தால், குறைந்த அழுத்தத்தையே சரியானது என்று கார் மனதில் வைத்துக்கொள்ளும்.

இன்னொரு வகையில் ஒவ்வொரு வீலுக்குள்ளும் ஒரு சென்சார் இருக்கும். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் டப்பா, பெரும்பாலும் வால்வின் அடியோடு சேர்ந்தே இருக்கும். அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து, தன் அடையாள எண்ணோடு ரேடியோ அலையில் காருக்கு அனுப்பும். வட அமெரிக்கக் கார்களில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பா உள்ளிட்ட பல இடங்களில் 433. அலைவரிசை மாறிப்போனால் சென்சார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காரின் காதில் விழாது. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பழைய சென்சாரையே புது வீலுக்கு மாற்றலாமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. புது ரிம்மில் சரியாக உட்கார்ந்தால் மாற்றலாம். ஆனால் அதன் பேட்டரி உள்ளேயே வைத்து மூடப்பட்டது, சுமார் 5 முதல் 10 வருடம் உழைக்கும், தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும். ஆறேழு வருடம் ஓடிய சென்சாரைப் புது வீலில் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இன்று மிச்சமாகும் பணம், பேட்டரி தீர்ந்த அன்று டயரைக் கழற்றும் கூலியாகப் போய்விடும்.

புது சென்சார் என்றால் இரண்டு வழி. பழைய சென்சாரின் எண்ணையே புதியதில் எழுதிவிடலாம், கார் வித்தியாசம் காணாது. பருவத்துக்கு ஒரு செட் வீல் மாற்றுகிறவர்களுக்கு இதுதான் வசதி. இல்லையென்றால் புது எண்களைக் காருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சில கார்கள் கொஞ்ச தூரம் ஓட்டினாலே தானாகக் கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்கு ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு கருவியைக் காட்டி, தூங்கும் சென்சாரை எழுப்ப வேண்டும்.

இனி பொருத்துகிற வேலை. ரிம்மின் உட்புற வளைவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சென்சாரை வைத்துப் பார்க்கும்போது டப்பா ரிம்மின்மேல் அழுந்தக் கூடாது. டயரின் விளிம்பு ஏறுகிற பாதையில் துருத்திக்கொண்டும் நிற்கக் கூடாது. துருத்தினால் டயர் ஏற்றும்போதே உடையும். டயரைக் கழற்றும்போதும் அப்படித்தான்: விளிம்பைத் தள்ளுகிற தகடு வால்வுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. வால்வு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் மெஷினை மிதிக்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

உலோக வால்வாக இருந்தால் அடியில் ஒரு ரப்பர் வளையம், மேலே ஒரு நட். டயரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அந்த வளையத்தைப் புதிதாக மாற்ற வேண்டும். நட்டை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், சென்சார் கம்பெனி சொன்ன அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். கைக்கு வந்தபடி இறுக்கினால் ரப்பர் பிதுங்கும் அல்லது வால்வு விரியும். உள்ளே இருக்கும் வால்வு ஊசி நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும். ஒருமுறை என்னிடம் வந்த காரில் யாரோ சாதாரணப் பித்தளை ஊசியைப் போட்டிருந்தார்கள். மூடியைக் கழற்றினால் உள்ளே வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. அலுமினிய வால்வும் பித்தளை ஊசியும் ஈரத்தில் சேர்ந்தால் அப்படித்தான் அரிக்கும். ஊசியைத் திருப்பியதும் வால்வின் முனையே முறிந்து என் கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, அது ஓடும்போது நடக்கவில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். விளக்கு எரியவில்லை என்பதற்காகக் காற்று சரியாக இருப்பதாக நினைக்காதீர்கள். அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும். கதவோரத்து ஸ்டிக்கரில் 32 பிஎஸ்ஐ என்றிருந்தால், 24க்கு இறங்கும் வரை கார் பேசாமலே இருக்கலாம். புது வீலோடு பக்கச்சுவர் குறைந்த டயர் போட்டு, பாரம் தாங்க அதற்கு 36 தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல கார்களுக்கு அந்த மாற்றம் தெரியாது. மூன்றில் ஒரு பங்கு காற்று போன பிறகுதான் விளக்கு வரும். விளக்கு எரியும் எல்லையை மாற்ற முடிகிற கார் என்றால் மாற்றச் சொல்லுங்கள். முடியாது என்றால் மாதம் ஒருமுறை கேஜ் வைத்துப் பாருங்கள்.

விளக்கு சுமார் ஒரு நிமிடம் மினுக்கிவிட்டு அப்படியே எரிந்துகொண்டிருந்தால், பல கார்களில் அதற்குக் காற்று குறைவு என்று அர்த்தமில்லை. சென்சாரிடமிருந்து தகவல் வரவில்லை என்று அர்த்தம். சிலர் இதை அணைக்க, நான்கு பழைய சென்சாரையும் ஒரு பைப்புக்குள் போட்டு, காற்றடித்து மூடி, டிக்கியில் வைத்துவிடுகிறார்கள். விளக்கு அணைந்துவிடும். ஆனால் நெடுஞ்சாலையில் டயர் மெல்ல இறங்கும்போதும் அந்தப் பைப் ‘எல்லாம் சரி’ என்றேதான் காருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டியில் இதைச் செய்யாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

வேலை முடிந்ததும், எந்த சக்கரத்தில் எந்த எண் கொண்ட சென்சார் இருக்கிறது என்று கடைக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டு காரின் கையேட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அடுத்த முறை ஒரு சென்சார் பழுதாகி வாய் திறக்காமல் போனாலும், அந்த எண்ணை வைத்தே புதியதைத் தயார் செய்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.