கிளிக் வருகிறது, கடைக்கு ஆள் வருவதில்லை

வணக்கம் நேயர்களே. சென்னையில் சிறு கடைக்காரர்களுக்கு இணைய விளம்பரம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ‘அதே பணத்தைத்தான் போடுகிறோம், கிளிக்கும் வருகிறது, கடைக்குத்தான் முன்போல் ஆள் வருவதில்லை’ என்று பலரும் என்னிடம் வருந்துவதால், அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

விளம்பரத்தைப் பார்த்தால் காசில்லை, தொட்டால்தான், அதாவது கிளிக் செய்தால்தான் காசு என்பது இந்த விளம்பர முறையின் அடிப்படை. கூகுள் 2002-ல் இதைத் தன் தேடல் விளம்பரங்களில் கொண்டுவந்தது. 2003-ல் ஆட்சென்ஸ் என்ற திட்டத்தின் வழியாகப் பிறருடைய இணையப் பக்கங்களுக்கும் விரித்தது. பக்கத்தில் எழுதியிருப்பதற்குப் பொருத்தமான விளம்பரம் அங்கே தோன்றும். ஆனால் தேடுகிறவர் தம் தேவையைத் தாமே எழுதுகிறார். பக்கத்தைப் படிக்கிறவர் நம்மிடம் எதையும் கேட்கவில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

புரசைவாக்கத்தில் கிரைண்டர், மிக்ஸி பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் நாள் ஒன்றுக்கு 300 ரூபாய் செலவிட்டு வந்தார். ஒரு மாலை, ஆணியில் பெல்ட்டுகள் தொங்கும் அவருடைய கடையில் ஸ்டூல் போட்டு அமர்ந்து, விளம்பரம் தோன்றிய இடங்களின் பட்டியலை இருவரும் வரிவரியாகப் படித்தோம். இட்லி மாவுப் பக்குவம் சொல்லும் பக்கங்கள் அதில் நிறைய இருந்தன. உளுந்தை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று படிக்கும் அம்மாவின் வீட்டில் கிரைண்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுவதால்தான் அவர் அந்தப் பக்கத்தையே படிக்கிறார். பக்கத்துக்கும் விளம்பரத்துக்கும் பொருத்தம் இருக்கிறது, படிப்பவருக்கும் கடைக்கும் இல்லை. அடுத்து வந்தவை குழந்தைகள் விளையாடும் செயலிகள். அங்கே விரல் தவறிப் பட்டாலும் காசு போகக்கூடும்.

எதையெதைத் தேடியவர்களுக்கு விளம்பரம் தோன்றியது என்று காட்டும் தேடல் சொற்களின் பட்டியலையும் திறந்தோம். இரும்பு அறுக்கும் கிரைண்டர், காப்பிக்கொட்டை அரைக்கும் கிரைண்டர், ‘பெல்ட்டை நாமே மாற்றுவது எப்படி’ என்று எல்லாம் கலந்திருந்தன. பெரியவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “கிரைண்டர் ரிப்பேர்னு யாரு சார் சொல்றாங்க? டிரம் சுத்தல, கல்லு கொத்தணும்னுதான் எனக்கு போன் வரும்” என்றார். எந்தத் தேடலுக்கு விளம்பரம் தோன்ற வேண்டும் என்று நான் எழுதியிருந்த சொற்களைவிட அவர் சொன்ன சொற்களே சரியானவை. அவற்றை வைத்தோம், வேண்டாத சொற்களை, இவற்றைத் தேடினால் காட்டாதே என்னும் விலக்குப் பட்டியலில் சேர்த்தோம், பிறர் பக்கங்களில் தோன்றுவதை அடியோடு நிறுத்தினோம். கிளிக் பாதிக்கும் கீழே இறங்கியது; ஆனால் தொலைபேசி மீண்டும் ஒலித்தது.

இந்தக் களையெடுப்பு முன்பைவிட இப்போது ஏன் அதிகம் தேவைப்படுகிறது? போட்டியாளர்கள் பெருகி, விளம்பர இடத்துக்கான ஏலத்தில் விலை ஏறுவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சொல்லின் மீது நமக்கிருந்த பிடி தளர்ந்ததுதான். நாம் கொடுத்த சொல்லை அப்படியே தேடியவருக்கு மட்டும் காட்டு என்று கேட்டாலும், அதே கருத்துள்ள வேறு தேடல்களுக்கும் காட்டலாம் என்று கூகுள் 2018-ல் விதியைத் தளர்த்தியது. 2020 செப்டம்பர் முதல், மிகக் குறைவானோர் தேடிய சொற்களைப் பட்டியலில் காட்டுவதையும் அது குறைத்துக்கொண்டது. சொல்லின் எல்லை அகல்கிறது, நமக்குத் தெரிவதோ சுருங்குகிறது. ஆகவே தெரிகிற அளவையாவது வாரம் ஒருமுறை நம் கண்ணால் படிக்க வேண்டும் என்று மீண்டும் வலியுறுத்துகிறேன்.

நேரம் நெருங்கிவிட்டதால் விளம்பரம் எந்த ஊருக்குக் காட்டப்பட வேண்டும் என்ற தேர்வைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. சென்னை என்று மட்டும் தேர்ந்தெடுத்தால், சென்னையில் இருப்பவரோடு சென்னையில் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரரும் சேர்ந்துவிடுவார். இங்கே இருப்பவர் மட்டும் என்று தனியாக மாற்ற வேண்டும். பெரியவர் இப்போது அழைப்பவரின் பேட்டையையும் கிரைண்டரின் கோளாறையும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைக்கிறார். எந்தச் சொல்லைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்பதை அந்தத் தாளைப் பார்த்தே முடிவு செய்கிறோம். நன்றி, வணக்கம்.