காட்டைக் காப்பாற்றுவது சட்டமா, சனங்களா? பட்டிமன்றத்தில் மக்கள் அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, வேலை முடித்த கையோடு தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் ரயில் நெரிசலில் நின்றபடியே வந்து இந்த மாட்டுங்கா அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

காடழிவைத் தடுக்கப் பெரிதும் துணை நிற்பது அரசின் சட்டமா, மக்களின் முயற்சியா என்பது இன்றைய தலைப்பு. மக்களின் முயற்சியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் அழகாகப் பேசினார். 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1996-இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுகிறவர்களுக்குக் கடிவாளம் போட்டது, 2018-இல் மும்பை உயர் நீதிமன்றம் மகாராஷ்டிரம் முழுவதும் கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுகளை அழிக்கத் தடை விதித்தது. மக்கள் கையில் விட்டிருந்தால் அத்தனையும் விறகாகப் போயிருக்கும் என்றார்.

நடுவர் அவர்களே, அந்த வழக்குகள் நீதிமன்றத்துக்குத் தாமாகவே நடந்து போயினவா? 1996 தீர்ப்பு யார் பெயரில் இருக்கிறது? டி.என். கோதவர்மன் திருமுல்பாடு. நம் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கத்துக் காடு வெட்டப்படுவதைப் பொறுக்கமாட்டாமல் 1995-இல் உச்ச நீதிமன்றப் படியேறிய ஒரு தனி மனிதர். நிலம் யார் பெயரில் இருந்தாலும், அகராதி காடு என்று எதைச் சொல்கிறதோ அது காடுதான் என்ற புகழ்பெற்ற உத்தரவு அந்த மனுவிலிருந்து பிறந்தது. அலையாத்தித் தீர்ப்பும் அப்படித்தான். இந்த ஊர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டு, 2005-இல் இடைக்கால உத்தரவு வாங்கி, 2018 வரை விடாப்பிடியாக நடத்தியது. 1980 சட்டத்துக்கு முன்னாலும் ஒரு கதை உண்டு. 1974-இல் இமயமலைப் பகுதியின் சமோலி மாவட்டத்து ரேணி கிராமத்தில், ஆண்கள் ஊரில் இல்லாத நாள் பார்த்து ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கோடரியோடு வந்தார்கள். கௌரா தேவி என்ற அம்மா ஊர்ப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் அவர்களைத் திருப்பி அனுப்பினார். மரத்தைக் கட்டிப்பிடித்துக் காத்த சிப்கோ இயக்கம் கிளப்பிய அந்த அலை இல்லாமல் தில்லிக்குக் காட்டின் நினைவு வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

சரி, சட்டத்தால்தான் இந்தியாவின் காட்டுப்பரப்பு நூற்றுக்கு 21 பங்குக்குக் குறையாமல் இருக்கிறது என்றும் அண்ணன் சொன்னார். அரசின் 2023 வன நிலை அறிக்கை 21.76 சதவீதம் என்கிறது, உண்மை. அதை எப்படி எண்ணுகிறார்கள்? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து சதவீதம் மரநிழல் இருந்தால் போதும், கணக்கில் சேர்ந்துவிடும். பழத்தோட்டமும் சேரும், தென்னந்தோப்பும் சேரும். பழைய காடு ஓரிடத்தில் போய், யூகலிப்டஸ் தோப்பு வேறோரிடத்தில் வந்தாலும் எண் அப்படியே நிற்கும். அந்தப் பழைய காட்டில் இருந்த சிறுத்தையும் இருவாச்சிப் பறவையும் எங்கே போயின என்று அந்த எண் சொல்லாது. பக்கத்தில் குடியிருப்பவருக்குத்தான் தெரியும்.

காடு ஏன் வேண்டும் என்றால், சுவாசிக்கக் காற்று தருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மும்பைவாசிக்கு அதைவிட நெருக்கமான காரணம் விடிகாலையில் வீட்டுக் குழாயில் வருகிறது. பாட்சா, தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, மத்திய வைதர்ணா, விஹார், துளசி என்று ஏழு ஏரித் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம். 1860-இல் கட்டி முடித்த விஹாரும், துளசியும் போரிவலி தேசியப் பூங்காவின் காட்டுத் தண்ணீர். தான்சாவைச் சுற்றி நிற்பது தான்சா சரணாலயம். இங்கே மழை நான்கு மாதம், குடிப்பதோ பன்னிரண்டு மாதம். தேக்கும் கருமருதும் நிற்கும் சரிவில் மழை முதலில் இலையில் விழுகிறது, அப்புறம் சருகில் சொட்டுகிறது, வேர்கள் நெகிழ்த்தி வைத்த மண்ணுக்குள் இறங்குகிறது, மழை நின்ற பிறகும் ஓடைகளில் கசிந்து ஏரிக்கு வந்துகொண்டே இருக்கிறது. மரத்தை எடுத்துவிட்டால் அதே மழை மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே பாய்ச்சலாக வந்து ஏரியின் அடியில் சேறாகப் படியும். அணை அப்படியே இருக்கும், ஆழம் இருக்காது.

கடலோரத்திலும் இதே கணக்குத்தான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. குர்லாவிலும் தாராவியிலும் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர் பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். மித்தி ஆற்றின் ஓரத்து அலையாத்திகளையும் சதுப்பையும் மண்கொட்டி மேடாக்கிய பிறகு, வெள்ளம் நமக்குள்தான் வரும், வேறெங்கே போகும்?

ஜூன் மாதம் முதல் மழை விழுந்ததும் தாதர் மார்க்கெட் பக்கம் போய்ப் பாருங்கள். ஆதிவாசிப் பெண்கள் சாக்கு விரித்து ஷேவளா விற்பார்கள். காட்டுக் கருணையின் பூந்தண்டு அது, கட்டுக் கட்டாக இருக்கும். அதன் பக்கத்திலேயே சின்னச் சின்னப் பச்சைக் காய்கள், காக்கட் என்று பெயர். 'இதையும் சேர்த்துப் போட்டுச் சமை, இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும்' என்று மராத்தியில் சொல்லித்தான் கொடுப்பார்கள். அந்தப் புளிப்புக் காய்தான் தண்டின் நமைச்சலை முறிக்கும். இந்த மரத்துக் காய் அந்தப் பூண்டின் அரிப்பை அடக்கும் என்று தெரிந்தவர் அந்த மரத்தை வெட்ட விடுவாரா? இந்த அறிவு எந்த அரசிதழிலும் இல்லை.

நகரத்துக்குள்ளேயே மரங்கள் அடர்ந்து நிற்கும் ஆரே பகுதியைச் சொல்லாமல் மும்பையில் இந்தத் தலைப்பைப் பேச முடியாது. மெட்ரோ பணிமனைக்காக மரம் வெட்டப் போகிறோம் என்றதும் இந்த நகரத்து மக்கள் 80,000-க்கும் மேல் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார்கள். இருந்தும் அனுமதி கிடைத்தது. 2019 அக்டோபர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அன்று இரவே ரம்பம் ஓடத் தொடங்கியது. தடுக்கப் போன பிள்ளைகளைக் கைது செய்தார்கள். சட்ட மாணவர் ஒருவரின் கடிதத்தையே மனுவாக ஏற்று உச்ச நீதிமன்றம் 7-ஆம் தேதி வெட்டை நிறுத்தியபோது 2,100-க்கும் மேற்பட்ட மரங்கள் கீழே கிடந்தன.

'பார்த்தீர்களா, மக்கள் முயற்சி தோற்றுப்போனது' என்று எதிரணி சொல்லும். நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். மரம் விழுந்தது முழுக்க முழுக்கச் சட்டப்படிதான். சட்டம் அனுமதித்ததை எதிர்த்து நின்றது மக்கள்தான். பணிமனை கடைசியில் அங்கேயே வந்தது, அந்த வலி எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் ஆரேயில் 800 ஏக்கருக்கும் மேல் காப்புக்காடு என்று அரசு அறிவித்தது. அதற்கு முன் அது காடே இல்லை, பால்பண்ணை நிலம் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டத்தைத் திருத்த முடியும். 1980 சட்டத்தையே 2023-இல் திருத்தி, அது காக்கும் காட்டின் வரையறையைக் குறுக்கினார்களே! அப்போதும் வழக்குப் போட்டவர்கள் மக்கள்தான்.

நம் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்று ஒரு கோண்டு பழங்குடிக் கிராமம். 'தில்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசு, எங்கள் ஊரில் நாங்களே அரசு' என்பது அவர்கள் முழக்கம். வன உரிமைச் சட்டம் வந்தது 2006-இல். அதற்கு வெகுகாலம் முன்பே ஊர் கூடி உட்கார்ந்து, எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை கிடைத்தது. 2011 முதல் மூங்கிலை ஊராரே வெட்டி விற்கிறார்கள். காட்டில் கை வைக்கிறார்கள், ஆனாலும் காடு நிற்கிறது. விறகாகப் போய்விடும் என்று பயந்த அண்ணன் ஒருமுறை அங்கே போய்வர வேண்டும்.

காட்டைவிட்டுத் தள்ளி, சால் எனும் நெருக்கமான வரிசை வீடுகளில் குடியிருக்கும் நம்மால் என்ன முடியும் என்று கேட்பீர்கள். அடுக்களையில் தொடங்கலாம். உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்வது நம் நாடு. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் மழைக்காடு அழிந்த இடங்களில் அந்தத் தோட்டங்கள் எத்தனையோ நிற்கின்றன. பிஸ்கட், சோப்பு என்று எல்லாவற்றிலும் அது இருப்பதால் அடியோடு ஒதுக்குவது கஷ்டம், வேறு எண்ணெய்க்கு மாறினால் இன்னும் அதிக நிலம் கேட்கும். காடு அழிக்காமல் எடுத்ததா என்று விற்கிறவர்களைக் கேட்கலாம், கேட்டுக்கொண்டே இருக்கலாம். கழிமுகத்து அலையாத்தியில் இரவில் லாரி வந்து கட்டட இடிபாடு கொட்டினால், இடம் தெரிகிற மாதிரி படம் எடுத்துப் புகார் கொடுங்கள். இதற்கென்றே மாநில வனத்துறையில் 2012 முதல் தனிப் பிரிவு இருக்கிறது.

மணி அடித்துவிட்டார்கள், ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மாநிலத்தின் 1975 மரப் பாதுகாப்புச் சட்டப்படி, நகரத்தில் மரம் வெட்டும் முன் மரத்திலேயே நோட்டீஸ் ஒட்ட வேண்டும், ஆட்சேபம் கேட்க வேண்டும். ஒட்டுகிறார்கள், நாம் படிக்காமல் கடந்து போகிறோம். மராத்தியில் எழுத வராதே என்று தயங்குகிறவர்களுக்காக எங்கள் அணிப் பிள்ளைகள் இருவர் வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கடித மாதிரி வைத்திருக்கிறார்கள், பெயரும் தெருவும் சொன்னால் நிரப்பித் தருவார்கள். போகும்போது ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பை மக்கள் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.