வளர்ப்பு எலிக்கு மூச்சு இழுக்கிறதா? நோயைக் கண்டுபிடிப்பதும் சிகிச்சையும்

[திரையில்: வெள்ளை எலியின் முகம், மிக அருகில். கண்ணோரத்திலும் மூக்கிலும் செந்நிறக் கறை.]

இதைப் பார்த்ததும் பலரும் "ஐயோ, கண்ணில் ரத்தம் வருதே" என்று பதறிப்போகிறார்கள். இது ரத்தம் இல்லை. எலியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டீரியன் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. அதில் சுரக்கும் நீரில் போர்ஃபிரின் என்ற சிவப்பு நிறமி கலந்திருக்கும். தூங்கி எழுந்த எலியின் கண்ணோரம் இது கொஞ்சம் ஒட்டியிருந்தால் பரவாயில்லை. தெம்பாக இருக்கும் எலி முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கும், கறை தங்காது. நாள் முழுக்கக் கறை அப்படியே இருந்தால்தான் கவனிக்க வேண்டும். முகம் கழுவக்கூட அதற்கு முடியவில்லை என்று அர்த்தம்.

[திரையில்: கூண்டு மூலையில் முடி சிலிர்த்து, முதுகு கூனி உட்கார்ந்திருக்கும் எலி.]

பூனைக்கும் ஆந்தைக்கும் இரையாகும் பிராணி இது. உடம்புக்கு முடியவில்லை என்பதை முடிந்தவரை மறைத்துக்கொள்ளும். நமக்குத் தெரிகிற அளவுக்கு வரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். எலியின் ஆயுளே 2 முதல் 3 ஆண்டுதான். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்பதெல்லாம் இங்கே சரிப்படாது.

சரி, வளர்ப்பு எலிகளை அதிகம் படுத்துவது எது? மூச்சு நோய்தான். மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற பாக்டீரியா பெரும்பாலான வளர்ப்பு எலிகளின் உடலில் இருக்கிறது. குட்டியிலேயே தாயிடமிருந்து ஒட்டிக்கொள்ளும், மாதக்கணக்கில் சும்மா இருக்கும். தூசு, இன்னொரு தொற்று, வயது, கூண்டில் தேங்கும் அம்மோனியா என்று ஏதாவது ஒன்று கிளப்பிவிட்டால் நுரையீரலில் இறங்கிவிடும். கூண்டைத் திறந்ததுமே உங்கள் மூக்கில் மூத்திர நெடி ஏறுகிறதா? அந்தத் தரையிலேயே மூக்கை வைத்துக்கொண்டு வாழ்கிற எலியை நினைத்துப் பாருங்கள். மரக்கடையிலிருந்து அள்ளி வரும் தூளையும் பைன், தேவதாரு சீவலையும் தவிர்த்துவிடுங்கள். பழைய பருத்தித் துணியே போதும்.

[திரையில்: எலியைக் காதோடு சேர்த்துப் பிடித்திருக்கும் கை.]

எலியை மெதுவாகத் தூக்கி, அதன் விலாவை உங்கள் காதில் ஒட்டி வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நல்ல நுரையீரலில் சத்தமே கேட்காது. கரகரப்போ, விசில் போன்ற சத்தமோ, 'டிக் டிக்' என்ற சின்ன வெடிப்போ கேட்டால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். அடுத்து மூச்சை எண்ணுங்கள். ஓய்வில் இருக்கும் எலி நிமிடத்துக்குச் சுமார் 70 முதல் 115 முறை மூச்சு விடும், கண்ணால் எண்ணுவது கஷ்டம். 15 விநாடி போனில் வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டு எண்ணி, நாலால் பெருக்குங்கள்.

ஒவ்வொரு மூச்சுக்கும் வயிற்றின் இரு பக்கமும் உள்ளே ஒடுங்கினால் அது அவசரம். எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. அது வாயைத் திறந்து திணறுகிறது, காதும் பாதமும் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கிறது என்றால் அந்த நிமிடமே கிளம்புங்கள். அதற்குத் தேவை ஆக்சிஜன். வாயில் தண்ணீரோ கஞ்சியோ ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

[திரையில்: ஊசியில்லாத சிரிஞ்சு, பிசைந்த வாழைப்பழம்.]

மருந்துக்கு வருவோம். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர், அதாவது மற்ற பாக்டீரியாக்களுக்கு இருக்கும் வெளிச்சுவர், கிடையாது. செல்சுவரைத் தாக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் அதனால்தான் இதனிடம் பலிப்பதில்லை. கூடச் சேரும் வேறு கிருமிகளுக்கு வேண்டுமானால் உதவும். டாக்சிசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளையும் தனியாகவோ சேர்த்தோ வாரக்கணக்கில் கொடுப்பதுதான் வழக்கம். அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும், வீட்டில் இருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். இன்னொன்று: நம் வீடுகளில் எந்த மருந்தையும் பாலிலோ தயிரிலோ கலக்கிற பழக்கம் உண்டு. இந்த இரண்டு மருந்தையும் அப்படிக் கலக்கக் கூடாது. பாலிலும் தயிரிலும் இருக்கும் கால்சியம், மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. வாழைப்பழத்தில் பிசைந்து கொடுங்கள். நான்காம் நாளே எலி துள்ளி ஓடினாலும் நிறுத்தாதீர்கள். இந்தக் கிருமி முழுசாக ஒழியாது, அடக்கித்தான் வைக்க முடியும். சில எலிகளுக்கு ஆயுள் முழுக்க மருந்து ஓடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெண் எலிக்குக் கழுத்திலிருந்து தொடையிடுக்கு வரை எங்கே கட்டி வந்தாலும் அது மார்புக் கட்டியாக இருக்கலாம். பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, ஆனால் வேகமாக வளரும். சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடுவது எளிது. தலை ஒரு பக்கம் சாய்ந்தால் காதுத் தொற்றாக இருக்கலாம். வயதான எலி உணவை முன்னங்கால்களில் பிடிக்க முடியாமல் தடுமாறினால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி என்று சந்தேகிப்பார்கள்.

[திரையில்: சமையலறைத் தராசில் கிண்ணம், அதற்குள் எலி.]

வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். 400 கிராம் எலி 40 கிராம் இளைத்தால் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். நாய், பூனை மட்டுமே பார்க்கும் மருத்துவர்கள் நிறைய. எலி பார்ப்பவர் யார் என்பதை எலி நன்றாக இருக்கும்போதே போன் போட்டு விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது அந்த எடைக் குறிப்பையும் மூச்சு வீடியோவையும் கொண்டுபோங்கள். அறுவை சிகிச்சை என்றால் "முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி போடுங்கள்" என்று யாராவது சொல்லக்கூடும். மயக்கத்தில் வாந்தி வராமல் இருக்கத்தான் பட்டினி போடுவது. எலியால் வாந்தி எடுக்க முடியாது, ராத்திரி முழுக்கப் பட்டினி தேவையும் இல்லை. மருத்துவரிடம் அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.