மீன் நிறைந்த வலையும் பேதுருவின் வார்த்தையும்

நேயர்களுக்கு அன்பின் வணக்கம்.

லூக்கா சுவிசேஷம் 5ஆம் அதிகாரத்தில் பேதுரு இயேசுவின் பாதத்தில் விழுந்து, "ஆண்டவரே, நான் பாவியான மனுஷன், நீர் என்னை விட்டுப் போகவேண்டும்" என்கிறான். அதற்கு முன் இயேசு அவனிடம் என்ன பேசினார் என்று பாருங்கள். படகைக் கரையிலிருந்து சற்றே தள்ளச் சொன்னார். ஆழத்துக்குப் போய் வலையைப் போடச் சொன்னார். அவ்வளவுதான். பாவம் என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. இரவெல்லாம் ஒன்றும் அகப்படாத வலை இப்போது மீன் பாரம் தாங்காமல் கிழிகிறது, இரண்டு படகுகளும் அமிழப் பார்க்கின்றன. அந்த மீன்குவியலின் நடுவில்தான் பேதுருவுக்குத் தான் யார் என்று தெரிகிறது.

தேவன் கொடுத்த கட்டளைகளாகிய நியாயப்பிரமாணத்தால் பாவத்தை அறிகிற அறிவு வருகிறது என்று ரோமர் 3:20 சொல்கிறது. உண்மைதான். ஆனால் அந்த அறிவு வந்த பிறகு மனிதன் எந்தப் பக்கம் ஓடுகிறான் என்பது தனிக் கேள்வி. ஆதாம் மரங்களுக்குள் ஓடினான். பேதுரு "விட்டுப் போம்" என்று சொல்லும்போதே இயேசுவின் காலடியில் கிடக்கிறான். கிருபையை, அதாவது அந்த மீன்களைப்போலத் தகுதி பாராமல் கிடைக்கிற தேவதயவைக் கண்டவனுக்கு மட்டுமே பாவத்தை நேராகப் பார்க்கும் தைரியம் வருகிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

"நான் பாவம் செய்தேன்" என்ற சொல்லை வேதத்தில் பலர் சொல்கிறார்கள். கல்மழை கொட்டும்போது எகிப்தின் ராஜாவான பார்வோன் சொன்னான். மழை நின்றதும் பழைய மனது திரும்பிவிட்டது. தேவனுடைய கட்டளையை மீறிய சவுல் ராஜா சொன்னான். கூடவே, ஜனங்களுக்குப் பயந்துதான் செய்தேன் என்று காரணமும் வைத்தான். கொஞ்ச நேரத்தில், மூப்பர்களுக்கு முன் என்னைக் கனம்பண்ணும் என்று தீர்க்கதரிசி சாமுவேலைக் கேட்டான். அவன் கவலை தன் மரியாதையைப் பற்றியது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் சொன்னது உண்மையான வார்த்தை, காரணம் எதுவும் சேர்க்காத வார்த்தை. அதை ஆசாரியர்களிடம் சொன்னான், அவர்களோ "எங்களுக்கென்ன" என்று கைவிட்டார்கள். இயேசுவிடம் அவன் திரும்பவில்லை. அடுத்தவன் மனைவியான பத்சேபாளை எடுத்துக்கொண்ட தாவீது ராஜா சொன்னதோ எபிரெயத்தில் இரண்டே சொல்: "கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்." அந்த இரண்டு சொல் வாயில் வர, குறைந்தது ஒன்பது மாதம் ஆயிற்று. பத்சேபாளின் குழந்தை பிறந்த பிறகுதான் தீர்க்கதரிசி நாத்தான் ஒரு கதையோடு வருகிறான். அடுத்தவன் ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய கதையைக் கேட்டுத் தாவீதுக்குக் கோபம் பொங்கியது, நாலு மடங்கு திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்பும் சொன்னான். சொந்தப் பாவத்தை மூடி வைத்திருக்கிறவனுக்கு அடுத்தவன் பாவத்தின்மேல் கோபம் அதிகம். நமக்கு எந்தக் குற்றத்தைக் கண்டால் அளவுக்கு மீறிக் கோபம் வருகிறது என்று பாருங்கள். தேட வேண்டிய இடம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

51ஆம் சங்கீதம் இந்தச் சம்பவத்தோடு சேர்ந்தது. முதல் இரண்டு வசனங்களிலேயே மூன்று சொற்கள் வருகின்றன. மீறுதல் என்றால் தெரிந்தே எல்லையைத் தாண்டுவது. அக்கிரமம் என்றால் உள்ளுக்குள் இருக்கும் கோணல். பாவம் என்பதற்கு எபிரெயத்தில் குறி தவறுவது என்ற பொருள் உண்டு. பொய் சொன்னது மீறுதல். பொய் சொன்னால்தான் மதிப்பு நிற்கும் என்று நினைக்கிற மனம் அக்கிரமம். நாம் முதலாவதை மட்டும் அறிக்கையிட்டு இரண்டாவதைத் தொடாமல் விடுகிறோம். அதனால்தான் அதே பொய் அடுத்த வாரம் வேறு சட்டை போட்டு வருகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்த மூன்று சொற்களுக்கும் முன்னால், சங்கீதத்தின் முதல் வரியில் நிற்பது "உமது கிருபையின்படி".

நடைமுறைக்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் துறவியான லொயோலா இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆத்தும சோதனைக்கு, அதாவது தன்னைத்தானே ஆராய்ந்து பார்ப்பதற்கு, ஐந்து படிகள். நன்றி சொல்வது, பாவத்தைக் காண வெளிச்சம் கேட்பது, எழுந்தது முதல் அந்த நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்தக் கிருபையோடு தீர்மானிப்பது. எந்தச் சபையாராக இருந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் செய்யலாம். நன்றியைத் தாண்டிக் குதித்து நேரே மூன்றாம் படியில் இறங்கினால், அது ஜெபமாக இராது, கணக்குத் தணிக்கையாகிவிடும். மணி மணியாகப் பார்க்கும்போது செய்ததை மட்டும் தேடாதீர்கள். நன்மை செய்ய அறிந்தும் செய்யாமற்போவது பாவம் என்று யாக்கோபு 4:17 சொல்கிறது. பேசியிருக்க வேண்டிய இடத்தில் காத்த மௌனமும் கணக்கில் வரும்.

அறிக்கையிடும்போது செய்த பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "நான் மகா பாவி" என்று பொதுவாகச் சொல்வது சுலபம், அதில் யாருக்கும் முகம் சிவப்பதில்லை. "காலையில் இன்னாரை அவர் பிள்ளைகள் முன்னிலையில் அவமானப்படுத்தினேன்" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுமாறும். "ஆனாலும்" என்ற சொல் வந்தால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் சவுல் நிற்கிறான். பிறருக்கு நஷ்டம் வந்திருந்தால் ஜெபத்தோடு முடியாது. லேவியராகமம் 6ஆம் அதிகாரம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. வரி வசூலிப்பவனான சகேயு நாலு மடங்கு என்றான். ஆனால் அவன் அதைச் சொன்னது இயேசு அவன் வீட்டில் தங்குவேன் என்று சொன்னதற்குப் பிறகு என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. மன்னிப்புக் கேட்ட அதே பாவத்தை நாள்தோறும் தோண்டி எடுத்து, போன முறை சரியாகக் கேட்டேனா என்று தவிப்பவர்கள் இருக்கிறார்கள். பார்க்கப் பெரிய பக்தி போல் இருக்கும். நம் இருதயம் நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் தேவன் அந்த இருதயத்திலும் பெரியவர் என்று 1 யோவான் 3:20 சொல்வது இவர்களுக்காகத்தான். இவர்கள் இந்த ஆத்தும சோதனையைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். நம்பகமான போதகரிடமோ குருவிடமோ ஒருமுறை சொல்லிவிட்டு, அவர் போதும் என்றால் நிறுத்த வேண்டும். நிறுத்தவே முடியவில்லை, தூக்கம் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். அதில் அவிசுவாசம் ஒன்றுமில்லை.

இயேசு சொன்ன உவமையில், தகப்பன் சொத்தை அழித்த கெட்டகுமாரன் தூரதேசத்திலேயே தன் பேச்சைத் தயாரித்துக்கொண்டு வருகிறான். பாவஞ்செய்தேன், குமாரன் எனப்படப் பாத்திரன் அல்ல, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்று மூன்று பகுதி. லூக்கா 15ஆம் அதிகாரத்தில் 18, 19ஆம் வசனங்களையும் 21ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். முதல் இரண்டு பகுதியையும் அவன் சொல்லி முடிக்கிறான். கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்ற மூன்றாவது பகுதி அவன் வாயிலிருந்து வரவே இல்லை. தகப்பன் அதற்குள் வேலைக்காரர் பக்கம் திரும்பி, உயர்ந்த வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.